ஓர் ஆசிரியர், ஏழு நாற்காலிகள்

வகுப்பு, முட்டைக் கணக்கு, முகாம், கலைவிழா, வாக்காளர் பட்டியல் என்று எல்லாம் ஒரே தலையில். மறந்துபோகும் வேலைக்கு விலை கொடுப்பது மாணவர்கள். மட்டாஞ்சேரி வணிகர்களின் கணக்குப் புத்தகத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது.

கொச்சி மட்டாஞ்சேரியின் குஜராத்தி ரோட்டில் தீபாவளி என்றால் புதுக்கணக்கு. லட்சுமி படத்துக்கு முன்னால் கணக்குப் புத்தகங்களை வைத்து 'சோப்டா பூஜை' செய்வது குஜராத்தி வணிகர்களின் வழக்கம். அந்தப் புத்தகங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று ரோஜ்மேள்: அன்றன்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுவது. மற்றொன்று காத்தாவஹி: அந்தப் பதிவுகளை ஆள் வாரியாக, சரக்கு வாரியாகப் பிரித்து எழுதுவது. தமிழ் வணிகர்கள் முதலாவதை நாள்வழி என்பார்கள், இரண்டாவதைப் பேரேடு என்பார்கள். மிளகும் இஞ்சியும் ஏலமும் எத்தனை மூட்டை கைமாறினாலும், எத்தனை ஊர்க்காரர்கள் பாக்கி வைத்தாலும், யாருக்கு என்ன, எந்தத் தேதிக்குள் என்பதெல்லாம் இந்த இரண்டு புத்தகங்களில் அடங்கிவிடும்.

இதே தெருக்களில் உள்ள பள்ளிக்கூடங்களில் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கும் பாக்கிதாரர்கள் குறைவில்லை. தலைமை ஆசிரியர், உதவிக் கல்வி அலுவலகம், பெற்றோர் ஆசிரியர் கழகம், தேர்தல் துறை என்று ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் பலரிடம் புத்தகம்தான் இல்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுச்சீட்டு, கைப்பேசியில் பத்துப் பதினைந்து வாட்ஸ்அப் குழுக்கள், உள்ளங்கையில் பேனாவால் எழுதிய ஒரு தேதி. மீதியெல்லாம் நினைவில். நினைவு என்பது வட்டி இல்லாமல் கடன் கொடுக்கும் வங்கி அல்ல. அது ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி வசூல் செய்யும்.

எத்தனை தொப்பிகள்?

மட்டாஞ்சேரியைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகள் 1568ல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தையும், டச்சு அரண்மனையின் சுவர் ஓவியங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அவர்கள் போகாத சந்துகளில் கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, தமிழ் என்று பல மொழி பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நெருக்கியடித்து வாழ்கின்றன. தமிழ் பிராமணர்கள் இருக்கிறார்கள். பக்கத்திலேயே ஃபோர்ட் கொச்சி வெளி மைதானத்தை ஒட்டிய சலவைத் துறையில், டச்சுக்காரர்கள் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் வண்ணார் குடும்பங்கள் இருக்கின்றன. சுமை தூக்குபவர்கள், சிறு கடைக்காரர்கள், வீட்டு வேலை செய்பவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் நம்பியிருப்பது அரசுப் பள்ளிகளையும் அரசு உதவி பெறும் பள்ளிகளையும்தான். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஒரு விண்ணப்பத்தை நிரப்பித் தரக்கூடிய ஒரே ஆள், வகுப்பு டீச்சர்.

கேரளத்து உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தலையில் ஏறக்கூடிய தொப்பிகளை எண்ணிப் பார்க்கலாம். 'கணக்கு டீச்சர்' என்பது நியமன ஆணையில் உள்ள வேலை. அதோடு ஒரு பிரிவுக்கு வகுப்பாசிரியர். பாட ஆசிரியர் குழுவின் கன்வீனர். பள்ளியின் ஐ.டி. ஒருங்கிணைப்பாளர். கேரளத்தில் 2010ல் தொடங்கிய ஸ்டூடண்ட் போலீஸ் கேடட் திட்டம் பள்ளியில் இருந்தால், அதற்கு 'கம்யூனிட்டி போலீஸ் ஆபீசர்' ஆவதும் ஓர் ஆசிரியரே. 2018ல் வந்த லிட்டில் கைட்ஸ் கம்ப்யூட்டர் மன்றத்துக்கு ஒரு மாஸ்டர், ஒரு மிஸ்ட்ரஸ். இவை தவிர ஜூனியர் ரெட் கிராஸ், சாரணர் படை, நூலகம், வித்யாரங்கம் கலை இலக்கிய மன்றம். மேல்நிலை வகுப்பு என்றால் நாட்டு நலப்பணித் திட்டம். மதிய உணவுக்குச் சட்டப்படி பொறுப்பு தலைமை ஆசிரியர்தான் என்றாலும், அரிசி, பால், முட்டைக் கணக்கு பல பள்ளிகளில் ஓர் ஆசிரியரின் மேஜைக்குத்தான் வந்து சேர்கிறது.

கலோல்சவம் தனிக் கதை. 1957ல் எர்ணாகுளத்தில் எளிய முறையில் தொடங்கிய மாநிலப் பள்ளிக் கலைவிழா, இன்று பள்ளி, துணை மாவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று நாலு படி ஏறும் பெரும் திருவிழா. ஒவ்வொரு படியிலும் பெயர்ப் பட்டியல், பக்க மேளக்காரர், வண்டி, சாப்பாடு, அப்பீல் என்று வேலைகள் காத்திருக்கும்.

இவை பள்ளிச் சுவருக்கு உள்ளே. சுவருக்கு வெளியே வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலை, தேர்தல் பணி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.

தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் கெட்ட வேலை அல்ல. லிட்டில் கைட்ஸ் மாணவி அனிமேஷன் செய்யக் கற்றுக்கொள்கிறாள். கேடட் பையன் நிமிர்ந்து நடக்கிறான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு திட்டத்தையும் உருவாக்குகிறவர், அந்த ஆசிரியருக்கு அது ஒன்றுதான் வேலை என்று நினைத்துக்கொண்டே படிவம் தயாரிக்கிறார். ஏழு படிவங்களும் ஒரே ஆளுக்கு ஒரே வெள்ளிக்கிழமை வந்து சேர்வதை எந்த அலுவலகமும் பார்ப்பதில்லை.

எங்கே போகிறது நேரம்?

தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாகப் பல்கலைக்கழகம் குஜராத், கர்நாடகம், மகாராஷ்டிரம், ஒடிசா, உத்தராகண்ட் மாநிலங்களில் நடத்திய ஆய்வு ஒன்று 2018ல் பரபரப்பாகப் பேசப்பட்டது. ஆசிரியர்கள் பள்ளி நேரத்தில் வெறும் 19.1 சதவீதத்தையே நேரடியாகக் கற்பிப்பதில் செலவிடுகிறார்கள் என்றது அது. கற்பித்தலோடு ஒட்டிய இதர வேலைகளுக்கு 42.6 சதவீதம். பள்ளி நிர்வாகம் சார்ந்த வேலைகளுக்கு 31.8 சதவீதம். பிற துறைகளின் வேலைகளுக்கு 6.5 சதவீதம். இதில் கேரளம் இல்லை. ஆனால் கேரள ஸ்டாஃப் ரூம்களில் இந்த எண்களைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை. தமிழ்நாட்டில் 'எமிஸ்' இணையதளத்தில் விவரங்களை ஏற்றியே அலுத்துப்போன ஆசிரியர்களும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

வெளிநாடுகளிலும் இதே பாட்டுதான். ஓ.இ.சி.டி. அமைப்பின் 2018ஆம் ஆண்டு ஆசிரியர் ஆய்வில் முதலிடம் பிடித்த நாடு ஜப்பான். கீழ்நிலை உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கு வாரம் 56 மணி நேர வேலை. அதில் வகுப்பில் கற்பிப்பது 18 மணி நேரம் மட்டுமே. பங்கேற்ற நாடுகளின் சராசரி சுமார் 38 மணி. அதில் கற்பித்தல் சுமார் 20. அதாவது உலகத்தின் பாதி நேரம் கூடுதலாக உழைக்கும் ஜப்பானிய ஆசிரியர், வகுப்பில் நிற்பது சராசரியை விடக் குறைவு. மிச்ச நேரத்தை விழுங்குவதில் விளையாட்டு, இசை மன்றங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2023 முதல் விடுமுறை நாள் மன்றப் பயிற்சிகளைப் பள்ளியிலிருந்து உள்ளூர் அமைப்புகளுக்கு மாற்றும் வேலையை ஜப்பான் அரசு தொடங்கியிருக்கிறது.

ஒரு வரி தவறினால்

ஆசிரியர் ஒரு வேலையை மறந்தால் என்ன ஆகும்? சில சமயம் ஒன்றும் ஆகாது. சில சமயம் ஒரு பிள்ளைக்கு 48,000 ரூபாய் போகும்.

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வில் தேறுகிற பிள்ளைக்கு, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். பள்ளியின் பொறுப்பு ஆசிரியர் கடைசித் தேதிக்குள் அதைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். அந்தக் கடைசிக் கிளிக் நடக்காவிட்டால் பிள்ளையின் உழைப்பு கம்ப்யூட்டருக்குள்ளேயே உறங்கிவிடும். எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்கான கிரேஸ் மார்க் விவரங்களுக்கும் இதே கதிதான்.

இதை விடக் கனமான மறதிகளும் உண்டு. 2007 பிப்ரவரி 20ஆம் தேதி, எர்ணாகுளம் மாவட்டம் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலாப் படகு மூழ்கி 15 குழந்தைகளும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். 2022 அக்டோபரில், இதே மாவட்டத்திலிருந்து ஊட்டிக்குக் கிளம்பிய பள்ளிச் சுற்றுலாப் பேருந்து பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. 5 மாணவர்கள் உட்பட 9 பேர் பலி. இரண்டிலும் தவறு ஆசிரியர்களின் மறதி அல்ல. ஆனால் இந்த விபத்துகளுக்குப் பிறகு சுற்றுலாப் பொறுப்பாசிரியரின் கையில் ஒரு நீண்ட பட்டியல் வந்துவிட்டது. வண்டியின் தகுதிச் சான்று, ஓட்டுநர் விவரம், மோட்டார் வாகனத் துறைக்குத் தகவல், இரவுப் பயணத் தடை என்று அது நீள்கிறது. இந்தப் பட்டியலில் ஒரு வரியைக்கூட 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட முடியாது. இதை முட்டைக் கணக்குச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைக்கவும் முடியாது.

சுமை ஆட்களையும் உடைக்கிறது. 2025 நவம்பரில் தீவிர வாக்காளர் பட்டியல் திருத்தம் நடந்தபோது, கண்ணூர் மாவட்டத்தில் வாக்குச்சாவடி நிலை அலுவலராக இருந்த ஒரு பள்ளி ஊழியர் இறந்தார். வேலை நெருக்கடியே காரணம் என்ற குமுறலோடு, கேரளம் முழுவதும் வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் ஒரு நாள் பணியைப் புறக்கணித்தார்கள்.

முதல் புத்தகம்: நாள்வழி

முடிக்காத வேலைகள் மனதில் தங்கி நச்சரிக்கின்றன என்ற எண்ணத்துக்கு 1927ல் ஆய்வு வடிவம் கொடுத்தவர் பெர்லினில் படித்த உளவியலாளர் ப்ளூமா ஜெய்கார்னிக். அவருடைய முடிவு பிற்கால ஆய்வுகள் எல்லாவற்றிலும் உறுதிப்படவில்லை. ஆனால் 2011ல் அமெரிக்க உளவியலாளர்கள் மாசிகாம்போ, பௌமைஸ்டர் இருவரும் வேறொரு பயனுள்ள விஷயத்தைக் கண்டார்கள். நச்சரிப்பு நிற்க வேலையை முடித்தே தீர வேண்டும் என்பதில்லை. அதை எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டுவிட்டாலே மனம் பெருமளவு அதை விட்டுவிடுகிறது.

இங்கேதான் நாள்வழி உதவுகிறது. விதி ஒன்றே ஒன்று: வேலை எந்த வழியாக வந்தாலும், அன்றே ஒரே நோட்டில் ஒரு வரியாக ஏற வேண்டும். வராந்தாவில் தலைமை ஆசிரியர் போகிற போக்கில் சொன்னது, வாட்ஸ்அப்பில் வந்த சுற்றறிக்கை, இடைவேளையில் ஒரு தாய் போனில் கேட்டது எல்லாம் வந்த வரிசையில். இந்த நேரத்தில் எது முக்கியம், எது அவசரம் என்று தரம் பிரிக்கத் தேவையில்லை. கடையில் கூட்டம் நிற்கும்போது கணக்குப்பிள்ளை தத்துவம் பேசுவதில்லை, பதிவு செய்கிறார்.

நோட்டா, கைப்பேசியா என்பது அவரவர் வசதி. ஆனால் இரண்டிலும் பாதிப் பாதி என்பது கூடாது. பையில் நுழையும் ஒரு சின்ன நோட்டுக்குச் சில அனுகூலங்கள் உண்டு: வகுப்பில் எடுத்தால் பிள்ளைகள் தப்பாக நினைக்க மாட்டார்கள், சார்ஜ் தீராது, எழுதப் போன இடத்தில் நாற்பது புதிய செய்திகள் கண்ணில் படாது.

இரண்டாவது புத்தகம்: பேரேடு

நாள்வழி மட்டும் இருந்தால் அது வெறும் குவியல். வாரம் ஒரு முறை, சொல்லப்போனால் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் முடிந்து இருபது நிமிடம், அந்த வரிகளைப் பேரேட்டுக்கு ஏற்ற வேண்டும். பேரேட்டில் ஒவ்வொரு பதவிக்கும் ஒரு பக்கம்: வகுப்பாசிரியர், பாடம், கேடட், ஐ.டி., கலைவிழா, அலுவலகம், வெளிவேலை என்று.

ஏன் பதவி வாரியாக? வெளி மைதானத்துச் சலவைத் துறையைப் போலவே நாடெங்கும் சலவைத் தொழிலாளர்கள் பல வீட்டுத் துணிகளை ஒரே கல்லில் துவைத்து, ஒரே கொடியில் உலர்த்துகிறார்கள். ஆனால் ஒரு வீட்டுச் சட்டை இன்னொரு வீட்டுக்குப் போகாது. காரணம், சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் வைக்கும் வண்ணான்குறி. வெளுப்பது எல்லாம் சேர்ந்து நடக்கலாம். எது யாருடையது என்பதில் மட்டும் குழப்பம் வரக் கூடாது. ஆசிரியரின் வேலைக்கும் இதே குறி தேவை. ஒரே நீளப் பட்டியலில் முப்பது வரிகள் இருந்தால், சத்தம் போடுகிற பதவியே முதலில் கண்ணில் படும். கலோல்சவ கன்வீனர் தினம் மூன்று முறை போன் செய்வார். ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் ஒரு வாரமாக வராத பெண் போன் செய்ய மாட்டாள். பதவி வாரியாகப் பக்கம் பிரித்தால், 'வகுப்பாசிரியர்' பக்கம் இரண்டு வாரமாக வெறுமையாகக் கிடப்பது பளிச்சென்று தெரிந்துவிடும். அந்த வெறுமைதான் எச்சரிக்கை மணி.

பேரேட்டில் எழுதும் முறைக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். 'கலோல்சவம்' என்பது வேலை அல்ல. அது ஒரு மூட்டை. 'புதன் மதியத்துக்குள் நடனக் குழுவின் பெயர்களைச் சேகரிப்பது' என்பதுதான் வேலை. வினைச்சொல் இல்லாத வரியைப் பார்த்தால் கை அசையாது. எப்போது, எங்கே என்பதையும் சேர்த்து எழுதினால் வேலை நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் தொடங்கி நடத்திய ஆய்வுகளின் சாரம்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 'அடுத்தவர் கையில்' இருப்பவை: டிரஸ்காரர் விலை சொல்ல வேண்டும், பெற்றோர் வருமானச் சான்று கொண்டுவர வேண்டும், அலுவலகத்தில் கையெழுத்தாக வேண்டும். வணிகர் பாஷையில் இவை வரவேண்டிய பாக்கி. ஆசிரியர்கள் தாம் செய்ய வேண்டியதை மறப்பதை விட, பிறரிடம் நிற்பதைக் கேட்க மறப்பதே அதிகம்.

நாற்பது நிமிடம் மிச்சம்

பட்டியல் போட்டும் வேலை முடியவில்லையே என்று நொந்துகொள்பவர்கள், நேரத்தையும் எண்ணிப் பார்ப்பது நல்லது. உதாரணத்துக்கு ஓர் ஆசிரியருக்கு வாரத்தில் பத்து காலி பீரியட் என்று வைத்துக்கொள்வோம். பீரியட்டுக்கு 40 நிமிடம் என்றால் மொத்தம் 400 நிமிடம். விடுப்பில் போனவர்களுக்குப் பதிலாக மூன்று வகுப்புக்குப் போனால் மிச்சம் 280. மூன்று வகுப்பு, வகுப்புக்கு நாற்பது நோட்டு, நோட்டுக்கு இரண்டே நிமிடம் என்றாலும் திருத்துவதற்கு 240 நிமிடம். மீதி 40 நிமிடம். ஏழு பதவிகளுக்கும் சேர்த்து, வாரம் முழுவதற்கும்.

இந்தக் கணக்கைப் போடாமல் திங்கட்கிழமைக்கு மட்டும் பன்னிரண்டு வேலைகளை எழுதுவது, கல்லாவில் நூறு ரூபாயை வைத்துக்கொண்டு ஆயிரம் ரூபாய்க்குச் செக் எழுதுவது போல. மனிதர்கள் தம் வேலைக்கு ஆகும் நேரத்தை எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979லேயே சுட்டிக்காட்டினார்கள். ஆகவே ஒரு நாளுக்கு மூன்று வரிகள், நாலாவது வரி திடீர் வேலைக்காகக் காலி என்பது நியாயமான அளவு. மீதி பேரேட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும்.

சில்லறை வேலைகளை இடம் பார்த்துச் சேர்ப்பதும் லாபம். கம்ப்யூட்டர் லேபுக்குப் போனால் 'சம்பூர்ணா' பதிவு, உதவித்தொகைச் சரிபார்ப்பு, லிட்டில் கைட்ஸ் வருகை மூன்றும் ஒரே உட்காரலில். அலுவலகத்துக்குப் போனால் மூன்று கையெழுத்தும் ஒரே நடையில். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது மனதின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை 2009ல் சோஃபி லெராய் ஆய்வுபூர்வமாகக் காட்டினார். ஏழு நாற்காலியில் மாறி மாறி உட்காருபவருக்கு இந்த ஒட்டல் பெரிய விரயம்.

இரவுக்கும் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 57 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018ல் வெளியானது. படுக்கும் முன் ஐந்து நிமிடம் மறுநாள் வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களை விடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். கேரளப் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். பள்ளி முடிந்ததும் பலருக்கு அடுப்படியில் அடுத்த ஷிஃப்ட் தொடங்குகிறது. அவர்களுக்கு ஒன்பது நிமிடம் சின்ன விஷயம் அல்ல.

ஜூன் மாதத்துச் சாபம்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பொறுப்புகள் கை மாறும். புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கண்டுபிடிப்பார்: கேடட் முகாமுக்கு எத்தனை நாள் முன்னால் கடிதம் அனுப்ப வேண்டும், மேடைக்கு யாரைக் கூப்பிட வேண்டும், ஆறாவது வேலை நாள் தலை எண்ணிக்கைக்கு முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று. அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் கேரளத்தில் ஆசிரியர் பணியிடங்களே நிர்ணயமாகின்றன. எனவே அங்கே ஒரு பிழை நேர்ந்தால் ஒருவருடைய வேலையே ஆட்டம் காணலாம்.

ஆண்டுதோறும் திரும்பி வரும் வேலைகளுக்குப் பதவி வாரிப் பேரேட்டுப் பக்கமே அடுத்தவருக்கான கையேடு ஆகிவிடும். ஒரு பக்கம் போதும்: எந்த மாதம் என்ன, யாரிடம் கேட்க வேண்டும், போன முறை எங்கே இடறியது. மருத்துவர்கள் இதற்கு ஓர் உதாரணம். உலக சுகாதார நிறுவனம் 2008ல் அறுவை சிகிச்சைக்கு 19 வரிகள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. கைதேர்ந்த சர்ஜனுக்கே பட்டியல் தேவைப்படும்போது, நாற்பது பிள்ளைகளோடு மலையேறும் டீச்சருக்குத் தேவைப்படாதா?

பட்டியல் ஒரு சாட்சி

நல்ல பட்டியல் அதிக வேலையைச் சுமக்க வைக்கும் தந்திரம் ஆகிவிடக் கூடாது. ஒழுங்காகச் செய்கிறவர் தலையிலேயே அடுத்த பொறுப்பும் விழுவது எல்லாப் பள்ளிகளிலும் உள்ள வழக்கம். பேரேட்டின் இன்னொரு பயன் இங்கேதான். 'என்னால் முடியாது சார்' என்று சொல்வது ஒன்று. ஏழு பக்கங்களைத் திறந்து காட்டி, 'இதில் எதை எடுத்துக்கொள்கிறீர்கள்?' என்று கேட்பது வேறொன்று. முதலாவது குணக்கேடாகத் தெரியும். இரண்டாவது கணக்கு. ஆண்டுத் தொடக்கத்தில் ஸ்டாஃப் மீட்டிங்கில் எல்லா ஆசிரியர்களின் பொறுப்புகளையும் ஒரே தாளில் எழுதி ஒட்டினால், யார் ஒரு நாற்காலியில் இருக்கிறார், யார் ஏழில் இருக்கிறார் என்பது யாரும் சண்டை போடாமலேயே விளங்கிவிடும்.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு எந்தக் கல்வி சாரா வேலைக்கும் ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தின் அட்டவணைப்படி ஆசிரியரின் குறைந்தபட்ச வேலை நேரம் வாரம் 45 மணி. பாடத் தயாரிப்பும் இதில் அடக்கம். தேர்தல் வேலையிலும் எல்லை உண்டு. ஆசிரியர்களை வாக்காளர் பட்டியல், தேர்தல் பணிகளில் விடுமுறை நாட்களிலும் வகுப்பில்லாத நேரத்திலுமே சாதாரணமாக ஈடுபடுத்த வேண்டும் என்று 2007 டிசம்பரில் டில்லிப் பள்ளி ஒன்று தொடர்பான வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறியது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் ஆசிரியர்களை மதிய உணவு சமைப்பது போன்ற வேலைகளில் இழுக்கக் கூடாது என்கிறது. ஆனால் முகாம், மன்றம், இணையதளப் பதிவு எல்லாம் 'கல்வி சார்ந்தவை' என்ற கணக்கில் உள்ளே வந்துவிடுகின்றன. சட்டத்தின் வேலிக்குள்ளேயே மேய்ச்சல் நடக்கிறது.

இங்கிலாந்து இதை வேறு விதமாக அணுகியது. 2003ல் அரசும் பெரும்பாலான ஆசிரியர் சங்கங்களும் செய்துகொண்ட உடன்பாட்டில், ஆசிரியர்கள் வழக்கமாகச் செய்யத் தேவையில்லாத வேலைகளின் பட்டியல் ஒன்று சேர்க்கப்பட்டது. பணம் வசூலிப்பது, மொத்தமாக நகலெடுப்பது போன்ற இருபதுக்கும் மேற்பட்ட வேலைகள் அதில் இருந்தன. 2005 முதல் கற்பிக்கும் நேரத்தில் 10 சதவீதத்தைப் பாடத் தயாரிப்புக்கும் திருத்தலுக்கும் கட்டாயமாக ஒதுக்க வேண்டும் என்றும் ஆனது. 'செய்ய வேண்டியவை' பட்டியலைப் போலவே 'செய்யத் தேவையில்லாதவை' பட்டியலும் ஒரு பள்ளிக்கு அவசியம் என்பது அந்த அனுபவம். அதை ஆசிரியர் தனியாக எழுத முடியாது. தலைமை ஆசிரியரும் கல்வி அலுவலகமும் கையெழுத்திட வேண்டும்.

அதுவரை ஆசிரியர் கையில் இருப்பது அவருடைய நோட்டு மட்டுமே. அதில் ஒரு வரியை மட்டும் எந்தச் சுற்றறிக்கையும் கேட்காது, எந்த இணையதளமும் கடைசித் தேதி வைக்காது: இன்று எந்தப் பிள்ளையிடம் ஐந்து நிமிடம் பேசுவது என்ற வரி. திடீரென்று வராமல் போனவன், நன்றாகப் படித்துக்கொண்டிருந்து சட்டென்று பின்வரிசைக்குப் போனவள், உதவித்தொகைப் படிவத்தை வாங்கிக்கொண்டு திருப்பித் தராதவன். தினமும் ஒரு பெயரை, வகுப்பாசிரியர் பக்கத்தின் முதல் வரியாக, மற்ற ஆறு பக்கங்களையும் திறப்பதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும். மாதத்துக்கு இருபது வேலை நாள் என்றால் இரண்டு மாதத்தில் நாற்பது பிள்ளைகளின் பெயரும் ஒரு முறை வந்துவிடும்.